மூச்சிழந்தோர்க்குப் படி மதிக்குமாறு கீழ்வரை நாடாள்வார்க்கு விடுத்த ஓலை

நலம் பொலிக. மழை தன் காலம் தவறாது பெய்க. கீழ்வரையின் புதுக் கழனிகளில் முதல் நெல் மணி பிடித்து நிற்க.

முகில்வரை நாட்டின் மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் மஞ்சாற்றின் இரு கரைக்கும் உரியவராய், தந்தையார் கோ விறற்சேந்தர்க்குப் பின் வேங்கைப்பூ முடி சூடி, காந்தளடுக்கத்து அரண்மனையில் வீற்றிருந்து அரசு செலுத்தும் இளநாகி தேவியாராகிய யாம், கீழ்வரைக் கூற்றத்தை நெடுங்காலம் கண்ணும் கருத்துமாகக் காத்து வருபவரும், மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பியவர் என்று நாடெங்கும் பேசப்படுபவரும், எம் அன்னையின் உடன்பிறந்தாரும், சிறு வயதில் எம்மைத் தோளில் தூக்கி வளர்த்தவருமாகிய நாடாள்வார் வெள்ளேறனார் திருமுன் விடுக்கும் ஓலை.

அம்மானாரே, தங்கள் மனையில் அனைவரும் நலமே இருப்பர் என்று நம்புகிறோம். அம்மாமியாரின் கண்நோவு தணிந்ததா என்று அறிய விரும்புகிறோம். யாம் உடல் நலத்தோடு இருக்கிறோம். உள்ளம் நலமாயில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இவ்வோலை.

மலைக்குடைவின் வழியே மஞ்சாற்று நீர் கீழ்வரைக்கு வந்து சேர்ந்த தை மாதத்தில் யாமும் அங்கு வந்து அந்நீரைக் கையில் ஏந்திப் பருகினோம். தலைமுறை தலைமுறையாகப் புழுதி பறந்த நிலத்தில் நாற்று நிற்பதைக் கண்டோம். குடத்தைத் தூக்கிக்கொண்டு காத தூரம் நடந்த பெண்கள் வாசலிலேயே நீர் மொள்வதையும் கண்டோம். இதைச் செய்து முடித்தவர் தாங்கள். இனி வரும் சொற்கள் எவ்வளவு கடுமையாயினும், இதை மறந்துவிட்டு எழுதியதாகத் தாங்கள் கொள்ளலாகாது.

செய்தி இது. சென்ற கார்காலத் தொடக்கத்தில் தாங்கள் விடுத்த ஓலையில், குடைவில் வேலை செய்த கல்லுடைப்போருள் பலர் இளைப்பு என்று சொல்லி வீட்டில் இருந்துகொண்டு அரச படி கேட்கிறார்கள் என்றும், அவர்களுக்குக் கை கால் கண் எதிலும் குறை இல்லை என்றும், தாங்கள் அவர்களைச் சோதித்து உண்மை கண்ட பின்னும் படி மதிப்பன் சாத்தன் ஏறன் இலச்சினை இட மறுக்கிறான் என்றும், அவனைப் பணி நீக்கித் தண்டிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். தங்கள் சொல்லை யாம் இதுவரை தட்டியதில்லை. ஆகவே தண்டிக்கும் எண்ணத்தோடுதான் ஏறனை அழைப்பித்தோம்.

எம் தந்தையார் இட்ட ஆணையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள்; ஆயினும் இவ்வோலை பின்னர் வருவோர் கையிலும் இருக்கும் ஆதலால் அதை இங்கே சொல்லி வைக்கிறோம். அரச வேலையில் உறுப்பு இழந்து உழைக்க முடியாமற் போனவன் நலமாயிருந்த நாளில் பெற்ற கூலி நெல் எவ்வளவு, இப்போது அவனால் ஈட்டக்கூடியது எவ்வளவு என்று பார்த்து, இடையே உள்ள குறையை அவன் உயிருள்ளவரை அரசு படி என்னும் நெல்லாக நிரப்பித் தருவதே அவ்வாணை. அந்தக் குறையை மதித்துச் சொல்கிறவனே படி மதிப்பன். கை போனால் இவ்வளவு, கால் போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று உறுப்புகளின் பெயர் அதில் எழுதப்பட்டுள்ளது. மூச்சு என்ற சொல் அதில் இல்லை. அந்நாளில் நம் நாட்டில் மலையைக் குடைந்தவர் எவரும் இல்லை; கற்பொடி மனிதனுக்குள் போய் என்ன செய்யும் என்று அறிந்தவரும் இல்லை.

ஏறன் பருத்த உடலும் மெல்லிய குரலும் உடையவன். எம் முன் வந்ததும், கேட்குமுன்னரே விரலிலிருந்த இலச்சினை மோதிரத்தைக் கழற்றித் தரையில் வைத்தான். எந்தத் தண்டனையாயினும் ஏற்பதாகவும், ஆனால் காரி என்னும் கல்லுடைப்பவனுக்கு நேர்ந்ததைக் கேட்ட பின் தண்டிக்குமாறும் வேண்டினான். கேட்டோம். கேட்டதை எழுதுகிறோம்.

காரியைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மலையின் இரு பக்கமிருந்தும் குடைந்து வந்தவர்கள் நடுவில் சந்தித்த நாளில், இடைச்சுவரில் விழுந்த துளைக்குள் முதலில் கையை விட்டு மறுபுறத்தானின் கையைப் பற்றியவன் அவன். தாங்களே அவன் தலையில் பட்டுக் கட்டினீர்கள். அதற்கு அடுத்த ஆண்டில் அவனுக்கு விடியற்காலை இருமல் வந்தது. பிறகு மேட்டில் ஏற முடியாமற் போயிற்று. பிறகு படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தே உறங்கலானான். ஏறன் அவன் வீட்டுக்குச் சென்று பார்த்து, இவனால் இனி எவ்வேலையும் ஆகாது, முழுப் படியும் தரத்தக்கது என்று மதித்தான்.

அவனைப் போலவே, கல்லுடைப்போர் வாழும் குடைவாய்ச்சேரியில் வீட்டுக்கு வீடு ஆட்கள் கேட்டு வந்தபோது தாங்கள் அஞ்சினீர்கள். அந்த அச்சத்தை யாம் இகழவில்லை. கருவூலத்தை வற்றவிடாமல் காப்பதும் நாடாள்வார் கடமையே. ஆனால் அந்த அச்சத்தால் தாங்கள் செய்தது என்ன? படி கேட்பவர் எவராயினும் தங்கள் மண்டப முற்றத்தில் கிடக்கும் கல்லை இடுப்பளவு தூக்கி, ஒரு தூணிலிருந்து மறு தூண் வரை கொண்டு சென்று வைக்க வேண்டும் என்றும், வைத்தவன் வேலைக்குத் தக்கவன் என்றும் விதித்தீர்கள். முதலில் அழைக்கப்பட்டவன் காரி.

அன்று அம்முற்றத்தில் பேசப்பட்டவற்றைப் பேசியவாறே எழுதுமாறு ஓலை எழுதுவோனைப் பணித்தோம். அரசோலையில் இவ்வகைச் சொல் வருவது வழக்கமன்று என்று அவன் தயங்கினான். எழுதுக என்றோம்.

தங்கள் கண்காணி எல்லாரும் கேட்கும்படி, "மலையையே ஒடச்சவன்னு பேரு வாங்கினவன். இந்தக் கல்லு ஒனக்குப் பெருசாப் போச்சா?" என்றானாம். காரியின் மனைவி வெண்ணி, கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்று, "வேணாங்க. தூக்காதீங்க. முடியலன்னு சொல்லிருங்க, அது போதும்" என்று கூவினாளாம். காரி அவளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குனிந்து கல்லைத் தூக்கினான். தூக்கிக்கொண்டு நடந்தான். அவனோடு வேலை செய்தவர்களே ஆரவாரம் செய்தார்கள். மறு தூணின் அடியில் அதை எறியாமல், ஒலி எழாமல், பதமாக இறக்கி வைத்தான். கல்லுடைப்பவர்கள் கல்லை அப்படித்தான் வைப்பார்களாம்.

தக்கவன் என்று கண்காணி உரக்கச் சொன்னான். அப்போது வெண்ணி கேட்டது இது: "ஒரு தரம் தூக்கிருவாருங்க. அந்த ஒரு தரத்துக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு யாராச்சும் எங்க வீட்டுல வந்து பாத்தீங்களா?"

காரி பொய்யாகப் படி கேட்டவன் என்று எழுதப்பட்டான். அக்குற்றத்துக்காகக் குடைவினுள் சரிந்த கல்லை அள்ளும் வேலைக்கு அனுப்பப்பட்டான். அங்கேயே விழுந்து, பிறர் தூக்கி வர வீடு சேர்ந்தான். அவன் தூக்கினான் என்பதையே சான்றாகக் காட்டி மற்றவர் எல்லாரும் சோதியாமலே மறுக்கப்பட்டார்கள். அன்று முதல் சேரிப் பெண்கள் வெண்ணியோடு பேசுவதில்லை என்றும், அவள் நீர் மொள்ள வந்தால் விலகி நிற்கிறார்கள் என்றும் ஏறன் சொன்னான். காரி பொய்யன் என்ற அந்த எழுத்தின் கீழ்த்தான் அவன் இலச்சினை இட மறுத்தான்.

அம்மானாரே, யாம் இதை உடனே நம்பிவிடவில்லை. தங்களை நம்புவதா, நேற்று வந்த ஒரு மதிப்பனை நம்புவதா என்று எமக்குள் பல நாள் வழக்கு நடந்தது. முடிவில், அரண்மனை மருத்துவரையும் ஏறனையும் காவலர் சிலரையும் மட்டும் உடன்கொண்டு குடைவாய்ச்சேரிக்கு வந்தோம். தங்களுக்கு அறிவியாமல் தங்கள் கூற்றத்துக்குள் வந்தது முறையன்று. அறிவித்திருந்தால் தெருவைப் பெருக்கியிருப்பார்கள், தோரணம் கட்டியிருப்பார்கள். யாம் காண வந்ததைக் காணாமலே திரும்பியிருப்போம்.

அச்சேரியில் நீரோடும் ஒலி பெரிதாகக் கேட்கிறது. குடைவின் வாய் அருகிலேயே இருக்கிறது. அந்த ஒலிக்குக் கீழே இருமல் கேட்கிறது. நடுவயதைத் தாண்டாத ஆண்கள் வீட்டுச் சுவர்களில் வைக்கோல் சுருணையை முதுகுக்கு அணைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அரசி வருகிறாள் என்று கேட்டு எழ முயன்றவர்களை மருத்துவர் கையமர்த்தினார். தெருவில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. எம்மைக் கண்ட அச்சத்தால் பேசவில்லை என்று முதலில் எண்ணினோம். பேசினால் மூச்சு செலவாகும் என்பதால் அவர்கள் பேசுவதைக் குறைத்துவிட்டார்கள் என்று பிறகே அறிந்தோம். மருத்துவர் ஒவ்வொரு மார்பிலும் காது வைத்துக் கேட்டார். வெளியே வந்து, உள்ளே படிந்த கற்பொடியை எடுக்கும் மருந்து தம்மிடமும் இல்லை, தம் ஆசிரியரிடமும் இருந்ததில்லை என்றார்.

காரியின் வீட்டில் காலையில் நுழைந்தோம். வெயில் தணியும் வரை அங்கேயே இருந்தோம். ஒரு மனிதனால் என்ன முடியும் என்று மதிக்க வேண்டுமானால் அவனுடைய ஒரு பகற்பொழுதைப் பார்க்க வேண்டும் என்று ஏறன் சொன்னான். பார்த்தோம். காரி வேட்டியை இறுக்கிக் கட்டினான். அதன் பின் நெடுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்தான். வாசல் வரை நடந்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கஞ்சியை இரண்டு வாய் குடித்தான். கலத்தைக் கீழே வைத்துவிட்டு மூச்சுக்குக் காத்திருந்தான். குடிக்கவும் மூச்சுவிடவும் ஒரே வேளையில் அவனால் ஆகவில்லை. அகன்ற தோளும் பருத்த மணிக்கட்டும் இன்னும் அப்படியே இருந்தன. புறத்தே பார்ப்பவன் இவனுக்கு என்ன குறை என்றுதான் கேட்பான். யாமே முதலில் அப்படி எண்ணினோம்.

பிறகு ஏறன் தன் தொழிலைத் தொடங்கினான். கல்லுடைக்க முடியாது, அது தெளிவு. உட்கார்ந்து செய்யும் வேலை ஏதேனும் ஆகுமா, கயிறு திரிக்க முடியுமா என்று கேட்டான். காரி தலையசைத்து, "திரிப்பேன்... பாதிப் பொழுது... திரிப்பேன்" என்றான். வெண்ணி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"பொய் சொல்றாருங்க. நேத்து ஒரு முழம் திரிச்சாரு. அதுக்கே மொகம் நீலம் பாஞ்சு போச்சு. எழுதாதீங்க அதை."

"எழுதுங்க," என்றான் காரி. "சும்மா... குந்தித் தின்றவன்னு... எழுதாதீங்க."

அம்மானாரே, இவர்கள் நோயைக் கூட்டிச் சொல்லி அரசை ஏய்ப்பவர்கள் என்று தாங்கள் எழுதினீர்கள். யாம் கண்டவன் தன் நோயைக் குறைத்துச் சொன்னான். தன்னால் முடியாததை முடியும் என்றான். அதற்காக மனைவி அவனோடு எம் முன்னிலையிலேயே மல்லுக்கு நின்றாள்.

அன்று ஏன் கல்லைத் தூக்கினாய் என்று அவனைக் கேட்டோம். அவன் விடை சொல்ல நெடுநேரம் ஆயிற்று. யாம் காத்திருந்தோம்.

"எல்லாரும்... பாத்துக்கிட்டு இருந்தாங்க தாயே. அது கல்லு. கல்லுகிட்ட... தோத்துட்டேன்னு... என் வாயால... எப்படிச் சொல்றது?" என்றான். பிறகு, "என்னால... இவங்க எல்லாருக்கும்... போச்சு" என்று தெருவைக் காட்டினான்.

யாம் காந்தளடுக்கம் மீண்டு, மூச்சிழந்தோர் அனைவர்க்கும் படி தந்தால் கருவூலம் எவ்வளவு தாங்க வேண்டும் என்று மதித்துச் சொல்லுமாறு கருவூலத் தலைவரைப் பணித்தோம். தங்கள் அச்சத்துக்கு விடை காண வேண்டும் என்பதும் எம் நோக்கம். அவர் மருத்துவரோடு கலந்து பேசி, சில நாளில் தெளிந்த முகத்தோடு அவைக்கு வந்தார். சுமை பெரிதன்று என்றார். கை இழந்தவன் நெடுநாள் வாழ்வான், அவனுக்கு முதுமை வரை படி அளக்க வேண்டும். இவர்களுக்கு அப்படியன்று, பெரும்பாலார் சில ஆண்டுகளே இருப்பார்கள், ஆண்டுதோறும் அளக்க வேண்டிய நெல் தானாகவே குறைந்து வரும், அஞ்ச ஒன்றுமில்லை என்றார். நற்செய்தி சொல்பவர் போலவே சொன்னார். அவர் கொடியவர் அல்லர். கேட்ட கேள்விக்குச் சரியான விடை தந்தார். தாங்கள் அஞ்சி அஞ்சிக் காத்த நெல் இவ்வளவே, அம்மானாரே.

அன்றே காரிக்கு முழுப் படி என்று எம் கையால் இலச்சினை இட்டோம். ஏறனுக்கு மோதிரத்தைத் திருப்பித் தந்து, முதல் நெல்லை எருதின் மேல் ஏற்றி அவனையே அனுப்பினோம். அவன் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசல் கழுவி ஈரமாயிருந்தது. அடுப்பு எரியவில்லை. வெண்ணி மட்டும் இருந்தாள். தெருப் பெண்களில் ஒருத்தியும் அவளருகில் இல்லை.

மூட்டையைக் கண்டதும் அவள் எழுந்து வந்து, "நேத்துப் பொழுது சாயறப்பப் போயிட்டாருங்க" என்றாள். "இது அவரு பேருக்கு வந்தது. அவரு இல்லாதப்ப நான் எப்படி வாங்குறது? எடுத்துக்கிட்டுப் போங்க. உசுரோட இருக்கறவன் எவனுக்காச்சும்..." என்று சொல்லி நிறுத்திவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகே, "...குடுங்க" என்றாள்.

துயரத்தால் குரல் அடைத்தது என்று எவனும் எண்ணியிருப்பான். ஏறன் இவ்வகை மூச்சுகளைக் கேட்டே நாளைக் கழித்தவன் ஆதலால் அப்படி எண்ணவில்லை. உனக்கும் உண்டா என்று கேட்டான். அவள் முதலில் இல்லை என்றாள். அவன் போகாமல் நின்றான். பின்னர் அவள் சொன்னவற்றை அவன் எமக்குச் சொல்லியபடியே எழுதுகிறோம்.

"கல்யாணமாகி வந்த நாளுலேருந்து உள்ளாற கூடை சொமந்தவ நான். அவரு ஒடச்சாரு, ஒடச்சதை நாந்தானே வாரிக் கொட்டினேன்? அந்தப் பொடி அவருக்குள்ள மட்டுமா பாத்துப் போகும்?"

முன்பே சொல்லாதது ஏன் என்று ஏறன் கேட்டான்.

"எங்க பேரை எங்கயும் எழுதலையேங்க. கூலிய அவரு கையிலதான குடுத்தாங்க. அதுவுமில்லாம, அவரு ஒக்காந்திருக்கறப்ப நானும் ஒக்காந்துட்டா அவரை யாரு பாக்குறது?"

ஏறன் அன்றே வீடு வீடாகச் சென்று பெண்களைக் கேட்டான். முன்பு வெண்ணியைக் கண்டு விலகி நின்றவர்களும் சொன்னார்கள். கூடை சுமந்த பெண்களில் பெரும்பாலார்க்கு மேட்டில் ஏற முடிவதில்லை. ஒருத்தியும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. ஏறன் எம்மிடம் திரும்பி வந்து தன் இக்கட்டைச் சொன்னான். நலமாயிருந்த நாளில் பெற்ற கூலியிலிருந்துதான் குறையை மதிக்க வேண்டும் என்பது ஆணை. இப்பெண்களுக்குத் தனிக் கூலி என்று ஒன்று தரப்படவே இல்லை. ஆணையின்படி மதித்தால் அவர்கள் எதையும் இழக்கவில்லை என்றாகும். அவர்கள் மூச்சுக்கு மதிப்பு ஒன்றுமில்லை என்று அவன் எழுத வேண்டியிருக்கும். அதை எழுதத் தன் கை வரவில்லை என்றான்.

யாம் அன்று பருகிய நீர் தண்ணென்று இருந்தது, அம்மானாரே. இப்போதும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதை யாம் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. அதைக் குடித்து வளரப்போகும் பிள்ளைகள் கீழ்வரை எங்கும் பிறந்துவிட்டார்கள். அந்நீருக்கு ஈடாகப் போனவற்றை எந்த நெல்லாலும் நிரப்ப முடியாது என்பதையும் அறிவோம். படி என்பது ஈடு அன்று. மூச்சிருக்கும் வரை பசியாவது இல்லாமல் இருக்கட்டும் என்பதே அது. அந்தச் சிறியதையும் மறுத்தோம் என்பதே எமக்கு உறுத்துகிறது.

இதுவரை தங்கள் மருமகளாய் எழுதினோம். இனி வருவது ஆணை.

கீழ்வரை நாடாள்வார் வெள்ளேறனார் அறிக. தந்தையார் ஆணையில் உறுப்புகளின் பெயரோடு மூச்சும் இன்று முதல் சேர்க்கப்பட்டது. கற்பொடியால் மூச்சிளைத்தவன் கை கால் இழந்தவனுக்கு நிகராக மதிக்கப்படுவான். கல்லைத் தூக்கச் சொல்லும் சோதனை இன்றோடு ஒழிந்தது. காரி பொய்யன் என்று எழுதப்பட்ட ஏட்டில் அவ்வெழுத்தின் மேல் எம் பெயரால் திருத்தம் எழுதுக. அவன் பொருட்டு மறுக்கப்பட்டவர் அனைவரும் மறுக்கப்பட்ட நாள் முதல் படி பெறுவார்களாக. குடைவினுள் கூடை சுமந்த பெண்கள் அரச வேலை செய்தவர்களே. அவ்வேலைக்கு வேற்றாளை அமர்த்தியிருந்தால் என்ன கூலி தந்திருப்போமோ அதுவே அவர்கள் பெற்ற கூலி என்று கொண்டு குறையை மதிக்க வேண்டும். ஒருவர் படிக்கு உரியவர் என்று மதிக்கப்பட்ட பின் இறந்தால், வீட்டில் எஞ்சியிருப்பவர்க்கு அதில் பாதி தொடர்ந்து அளக்கப்படும்.

படி கேட்பவரை இனி மண்டபத்துக்கு வரச் சொல்லலாகாது. மதிப்பவர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். காலை முதல் வெயில் தணியும் வரை உடனிருந்து அவருடைய பொழுது எப்படிக் கழிகிறது என்று பார்க்க வேண்டும். பார்த்த பின்னரே மதிப்பை எழுத வேண்டும்.

உம்மை நாடாள்வார் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று அவையில் சிலர் சொன்னார்கள். யாம் நீக்கவில்லை. நீக்கப்பட்டவர் தம் மாளிகையில் கதவடைத்து இருந்துவிடலாம். குடைவாய்ச்சேரியின் முதல் மதிப்பை நீரே செய்ய வேண்டும். ஏறன் உம் அருகில் இருந்து முறையைச் சொல்வான். பார்ப்பதும் எழுதுவதும் உம் பணி. முதல் வீடு வெண்ணியின் வீடு. நடக்கச் சொல்லாதீர், தூக்கச் சொல்லாதீர். அவள் தன்னால் முடியும் என்று சொல்வதையெல்லாம் அப்படியே எழுதிவிடாதீர்.

இன்னும் ஒன்று. அவள் பேசும்போது நடுவில் நிறுத்துவாள். பேச்சு முடிந்தது என்று எண்ணி எழுந்துவிடாதீர், அம்மானாரே. மிச்சச் சொல் வரும் வரை உட்கார்ந்திரும்.

வேங்கைப்பூ இலச்சினை எம் கையால் இடப்பட்டது. ஓலை எழுதினவன் அரண்மனை எழுத்தன் நெய்தலங்கண்ணன். கொண்டு வருபவன் படி மதிப்பன் சாத்தன் ஏறன். இது கண்ட நாளே நடக்க. நாடு நலம் பெறுக.